ஒரு தரம், ரெண்டு தரம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்கங்கண்ணே. எதிர்காத்து எனக்கு ஆகாது, தொண்டை கட்டிக்கும். தொண்டை போச்சுன்னா எனக்குப் பொழப்பே போச்சு. ஒட்டன்சத்திரம் பக்கம் வந்திருக்கீங்களா? காய்கறி மார்க்கெட்டுல போய் ஏலம் நாச்சிமுத்து யாருன்னு கேளுங்க, மூட்டை தூக்குறவன்கூட சொல்லுவான். தக்காளி, முருங்கை, கத்திரி, எது வந்து இறங்கினாலும் ஏலம் கூவுறது நான்தான். மைக்கெல்லாம் கிடையாது. நான் வாயைத் திறந்தா மார்க்கெட் மொத்தமும் மூடிக்கும்.

திண்டுக்கல்தான் போறேன். கோர்ட்டுக்கு. நகராதீங்கண்ணே, திருட்டுக் கேஸெல்லாம் இல்ல. அடிதடி. ஜாமீன்ல இருக்கேன். சொந்த ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாது, தேனியில தங்கி ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்னு கண்டிஷன். இன்னிக்கு முக்கியமான சாட்சியை விசாரிக்கிறாங்க. சாட்சி யாருன்னு நினைக்கிறீங்க? என் மகன். பத்து வயசுப் பய. பெத்த அப்பனுக்கு எதிரா சாட்சி சொல்றான். கேக்கவே நல்லா இருக்குல்ல?

அதுலயும் வேடிக்கை என்னன்னா, அவனுக்குப் பேச்சே வராது. திக்குவாய். ஏலக்காரன் வீட்டுல திக்குவாய். சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க, ஊரே சிரிச்சுச்சு. பேரு பிரகதீஷ். நான்தான் தேடித் தேடி வச்சேன். அந்தப் பேரையே அவனால சொல்ல முடியாது. 'ப்... ப்...'ன்னு நிப்பான், கழுத்து நரம்பு புடைச்சுக்கிட்டு வரும், கண்ணைச் சிமிட்டுவான். பாக்குற எனக்கு உள்ளுக்குள்ள கொதிக்கும்ண்ணே. வாயுள்ள பிள்ளை பொழைக்கும்பாங்க. வாய் இல்லாதது என்ன பண்ணும்?

நான் சும்மா இருக்கல. நாக்குல வசம்பு தேச்சேன். கோயில் மணியில தண்ணி புடிச்சுக் குடிக்க வச்சேன். ஒண்ணும் ஆகல. அப்புறம் எனக்குத் தெரிஞ்ச வழியில இறங்கினேன். மார்க்கெட்டுல எவனாவது விலை கேக்காம முழிச்சுக்கிட்டு நின்னா நான் என்ன பண்ணுவேன்? விரலைத் தூக்குவேன். ஒரு தரம். ரெண்டு தரம். கூட்டத்துல எவனுக்கும் நாக்கு தன்னால புரளும். அதையே இவன்கிட்டயும் பண்ணேன். சாப்பிட உக்காந்து 'த... த...'ன்னு நின்னா, விரலைத் தூக்கி ஒரு தரம்பேன். தண்ணின்னு வரணும். ரெண்டு தரம். வரணும். மூணு தரம் சொல்லும்போது வரலைன்னா கன்னத்துல ஒண்ணு. அவ்வளவுதான். பெல்ட்டைத் தொட்டதில்ல, சூடு போட்டதில்ல. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? எங்கப்பன் என்னைத் தென்னமட்டையால அடிச்சான். நான் கெட்டா போயிட்டேன்?

கடைசி கடைசியா விரலைத் தூக்கினாலே போதும், பய கப்சிப்புன்னு ஆயிருவான். திக்கவே மாட்டான். நான்கூட சரியாப் போச்சுன்னு நினைச்சேன். பேசாம இருந்தா எங்கிருந்து திக்கும்னு எங்கக்கா ராஜாமணி சொன்னப்பதான் உறைச்சுது. அக்கா பக்கத்து வீடு. எல்லாத்துலயும் மூக்கை நுழைப்பா.

பள்ளிக்கூடத்துல டீச்சர் என் பொண்டாட்டியைக் கூப்பிட்டு, இதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க, போன்லயே வீடியோவுல சொல்லித் தர்றாங்கன்னு சொல்லிட்டாங்க. மேகலான்னு பேரு, என் பொண்டாட்டிக்கு. என்கிட்ட கேக்காம அவளே பேசி முடிச்சுட்டா. அதுக்கு ரெண்டு வாங்கினா, அது வேற விஷயம். திருச்சியில இருந்து நஸ்ரின்னு ஒரு மேடம். செவ்வா, வெள்ளி, சாயங்காலம். அரிசி டின்னுல போனைச் சாத்தி வச்சுட்டு இவன் முன்னால உக்காந்துருவான்.

போன்ல பாத்து எப்படிம்மா நாக்கை நிமித்துவீங்கன்னு நான் ஒரு நாள் கேட்டேன். அந்தம்மா சிரிச்சுச்சு. "நாக்குல ஒரு கோளாறும் இல்லீங்க. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நாம காத்திருக்கணும், நாமளே வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது"ன்னுச்சு. காத்திருக்கிறதுக்கு ஒரு படிப்பு, பாருங்க. "நீங்க பேசும்போதும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் பேசுங்க, சார்"ன்னு எனக்கும் புத்திமதி. நான் நிறுத்திப் பேசினா தக்காளி அழுகிப்போகும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஒரு விஷயம் சொல்றேன். ஒரு வெள்ளிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்கு வந்துட்டேன். கதவு சாத்தியிருக்கு. உள்ள ஒரு பையன் பேசுற சத்தம். கோழி எப்படி ஓடுச்சு, அதை எப்படிப் பிடிச்சான்னு கதை சொல்றான். அங்கங்க தட்டுது, ஆனா வருது. எவன்டா பக்கத்து வீட்டுப் பயன்னு நினைச்சேன். என் மகன்ண்ணே. அவன் குரல் அப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியல. கதவைத் திறந்தேன், நின்னுபோச்சு. குழாயை மூடின மாதிரி. மேடம் போன்ல இருந்து, "சார், நீங்க கொஞ்சம் கேமராவுக்கு வெளிய போறீங்களா"ன்னாங்க. என் வீட்டுல என்னை வெளிய போகச் சொல்றாங்க. போனேன். போகும்போது தண்ணிக் குடத்தை ஒரு உதை உதைச்சுட்டுதான் போனேன்.

அந்தம்மா அவனுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. யாராவது நடுவுல புகுந்து அவசரப்படுத்தினா, கையை இப்படிக் காட்டி, 'நான் இன்னும் சொல்லி முடிக்கல'ன்னு சொல்லணுமாம். பெரியவங்க முன்னால கை காட்டுறதா? என்கிட்ட ஒரு நாள் சொல்லப் பாத்தான். கையை நீட்டி, 'நா... நா...'ன்னான். அதுக்குள்ள மூணாந்தரம் விழுந்துருச்சு. அதுக்கப்புறம் என்கிட்ட சொன்னதில்ல.

இப்ப கேஸுக்கு வர்றேன்.

அந்தம்மா ஒரு விளையாட்டு வச்சாங்க. விளையாட்டுன்னுதான் சொன்னாங்க. திக்கிருமோன்னு பயந்து பயந்துதான் ரொம்பத் திக்குதாம். அதனால வேணும்னே திக்கிப் பழகணுமாம். வெளிய போய், தெரியாத ஆள்கிட்ட, வேணும்னே. முதல்ல வீட்டுல ஒரு பெரியவங்க செஞ்சு காட்டணும், பையன் பக்கத்துல நின்னு பாக்கணும். யார் செய்யணும்னு பையனே சொல்லட்டும்னாங்க. அவன் யாரைக் கை காட்டினான் தெரியுமா? என்னை. அம்மாவைச் சொல்லல. என்னைச் சொன்னான். எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும். ஊரு முன்னால பேசுறவனாச்சே, அப்பா செஞ்சா கெத்தா இருக்கும்னு நினைச்சிருப்பான். அந்தம்மாதான் கொஞ்சம் இழுத்தாங்க. "அம்மாவோட ஆரம்பிக்கலாமே கண்ணா"ன்னாங்க. அவன் மாட்டேன்னுட்டான்.

ஞாயித்துக்கிழமை காலையில வண்டியில கூட்டிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்ல ஒரு பேக்கரி. எப்பவும் போற கடை இல்ல, அங்கே போனா என்னைத் தெரிஞ்சவன் இருப்பான். இங்க கவுண்ட்டர்ல புதுசா ஒருத்தன். வெடவெடன்னு ஒல்லியா, கழுத்துல ஒரு துண்டு. என் மகன் என் விரலைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். நான் வாயைத் திறக்கிறேன். வரமாட்டேங்குதுண்ணே. எனக்கு. பொய்யாத் திக்கணும், அதுகூட வரமாட்டேங்குது. காது ரெண்டும் சுடுது. பின்னால நிக்கிறவன் பாக்குறான். எப்படியோ, 'ரெ... ரெ... ரெண்டு டீ'ன்னுட்டேன்.

கீழ பாத்தேன். பய என்னை அண்ணாந்து பாத்துச் சிரிக்கிறான். பல்லெல்லாம் தெரிய. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. பெத்ததுல இருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் பாத்ததில்ல. மூணு டீ, நாலு டீன்னு கேட்டுக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.

அந்த நேரத்துல கவுண்ட்டர்ல இருந்தவன் என்னைப் பாத்து, "ச... ச... சக்கரை போ... போ..."ங்கறான்.

பின்னால ஒருத்தன் கெக்கேன்னு சிரிச்சுட்டான். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? என் மூஞ்சிக்கு நேரா, என் புள்ள முன்னால, என்னை மாதிரியே பேசிக் காட்டுறான். சட்டையைப் புடிச்சு கவுண்ட்டர் மேலயே இழுத்துட்டேன். கேக் வச்சிருந்த கண்ணாடி நொறுங்குச்சு. "என்னடா, கிண்டலா"ன்னு ஒரு அறை. அவன் என்னைப் பாத்து மறுபடியும், 'நா... நா... நா...'ங்கறான். அடி வாங்கிக்கிட்டே கிண்டல் பண்றான் பாருங்க. எனக்குக் கண்ணு தெரியல. பக்கத்துல எவர்சில்வர் தண்ணி ஜக்கு இருந்துச்சு, எடுத்து வாயிலயே போட்டேன். கீழ விழுந்தான். அப்பவும் 'நா...'ங்கறான். முழங்காலால தாடையில ஏத்தினேன். கட்டைய முறிக்கிற மாதிரி சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் அவன் வாய் நின்னுச்சு. டைல்ஸ் தரையில ரத்தம், அதுல டீயும் பாலும் கலந்து ஓடுது. என் கையிலயும் கண்ணாடி ஏறியிருந்துச்சு, இங்க பாருங்க, தழும்பு. அதை யாரும் கேஸுல எழுதல.

திரும்பிப் பாத்து, "வாடா போலாம்"ன்னேன். பய வரல. அந்த ஆள் பக்கத்துல போய் கண்ணாடித் தூள்லயே உக்காந்துட்டான். அவன் கையைப் புடிச்சுக்கிட்டான். என் விரலைப் புடிச்சிருந்தானே, அதே கை.

இல்லண்ணே, அவன் கிண்டல் பண்ணல. அதைத்தானே கேக்குறீங்க? அவனுக்கு நிஜமாவே திக்குவாய். பேரு குமரேசன். திக்குறதனால எவனும் வேலை கொடுக்காம, கடைசியில அந்த பேக்கரிக்காரர்தான் பாவம் பாத்துச் சேத்தாராம். சக்கரை போடவான்னுதான் கேக்க வந்திருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? எனக்குத் திக்கும் அண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் கை வைக்கப் போறேன். சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? தப்பு அவன் மேலயும் இருக்கு.

தாடை எலும்பு உடைஞ்சு கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க. கஞ்சியை உறிஞ்சித்தான் குடிக்கிறானாம். மேகலா வீட்டுல இருந்து கஞ்சி கொண்டுபோறா, பயலும் கூடப் போறான். யார் வீட்டுக் கஞ்சி? என் வீட்டுக் கஞ்சி. நான் தேனியில மெஸ்ஸுல திங்கிறேன்.

ஸ்டேஷன்ல நடந்ததைச் சொன்னா நம்பமாட்டீங்க. எல்லாரும் ஓடிட்டாங்க, பின்னால நின்னு சிரிச்சவன்கூட நான் பாக்கலன்னுட்டான். மார்க்கெட்டுல என்னைப் பகைச்சுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? குமரேசனோ வாயைத் திறக்க முடியாம கிடக்கான். என் மகன் ஒருத்தன்தான் முன்னால வந்து நின்னான். நான் அந்தப் பக்கம் சுவரோரமா உக்காந்திருக்கேன், ஒரு தட்டிதான் நடுவுல, அவன் தெரியல. குரல் கேக்குது. என்ன நடந்துச்சுன்னு இன்ஸ்பெக்டரம்மா கேக்குறாங்க. 'எ... எ...'ங்கறான். எழுதுற போலீஸ்காரர், "எங்கப்பா அடிச்சாரு, அதானே?"ன்னு எடுத்துக் கொடுத்தாரு. உடனே இவன், "நான்... இன்னும்... சொல்லி முடிக்கல"ன்னான். அப்புறம் சொன்னாம்பாருங்க, ஒண்ணுவிடாம. விளையாட்டு, ரெண்டு டீ, சக்கரை, ஜக்கு. கடைசியா ஒண்ணு சொன்னான். "அவரு 'நா... நா...'ன்னு சொன்னது கிண்டல் இல்ல. நானும் உங்களை மாதிரிதான்னு சொல்ல வந்தாரு. அப்பா முடிக்க விடல."

எவ்வளவு நேரம் ஆச்சோ தெரியல. இன்ஸ்பெக்டரம்மா ஒரு தடவைகூட அவசரப்படுத்தல. நான் தட்டிக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். ஒரு பக்கம் பல்லைக் கடிக்கிறேன். ஒரு பக்கம், பக்கத்துல இருந்த போலீஸ்காரன்கிட்ட 'என் பையன்தான் சார்'னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்துருச்சு.

வத்தலக்குண்டு வந்துருச்சா? டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா. சரி.

இன்னிக்குக் கோர்ட்டுல அவனை என் கண்ணுல காட்டமாட்டாங்க. சின்னப் பையன், அதுவும் அப்பன் முன்னால பேசமாட்டான்னு, வேற ரூம்ல உக்கார வச்சு டிவி வழியா விசாரிக்க ஜட்ஜய்யா ஒத்துக்கிட்டாரு. நஸ்ரின் மேடம் எழுதிக் கொடுத்தாங்களாம். நான் அவனைப் பாக்கலாம், அவனுக்கு நான் தெரியமாட்டேன். அங்கயும் கேமராவுக்கு வெளியதான் நான். ஆனா எங்க வக்கீல் தெரிவாரு. அவரு கேள்வி கேக்கணும்ல.

போன வாரம் வக்கீல் என்னைக் கூப்பிட்டு, "அடிபட்டவன் எழுதிக் கொடுத்ததை நான் பாத்துக்கறேன், நேர்ல பாத்த சாட்சி உன் மகன் ஒருத்தன்தான். அவன் வாய் நின்னுட்டா கேஸ் நின்னுரும். எப்படிய்யா நிக்கும்?"னு கேட்டாரு. நான் சொன்னேன். ஒரு கேள்வி கேளுங்க, பதில் வர்றதுக்குள்ள அடுத்ததைக் கேளுங்க. அவன் வார்த்தையை நீங்களே தப்பா முடிச்சு வைங்க. அப்பவும் நிக்கலைன்னா, கண்ணாடியைச் சரி பண்ற மாதிரி ஒத்தை விரலை இப்படித் தூக்குங்க. மெதுவா ஒரு தரம்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். அடைச்சுக்கும். வக்கீல் விரலைத் தூக்கி, "இப்படியா?"ன்னாரு. "இன்னும் கொஞ்சம் மேல சார்"ன்னேன்.

முறைக்காதீங்கண்ணே. நான் உள்ள போயிட்டா அந்த வீட்டுக்கு யாரு? அடிக்கிற கைதான் அணைக்கும். புள்ள மேல எனக்குக் கோவமில்ல.

இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. காலையில பஸ் ஏறப்போற நேரத்துல எங்கக்கா போன் பண்ணிட்டா. எடுத்ததும், "ஏன்டா, ஊருக்குள்ள வந்துட்டியா? ஜாமீனை ரத்து பண்ணிருவாங்கடா"ங்கறா. நான் தேனியிலதான இருக்கேன்னேன். "அப்ப நேத்து சாயங்காலம் உன் வீட்டுல கத்துனது யாரு?"ங்கறா.

அவளுக்கு என் சத்தம் கேட்டிருக்கு. 'சொல்லித் தொலைடா, வாயில என்னடா கொழுக்கட்டையா'ன்னு. நான் சொல்றதுதான். 'ஏலக்காரன் வீட்டுல வந்து பொறந்திருக்கு பாரு'ன்னு. அதுவும் நான் சொல்றதுதான். அப்புறம் ஒரு தரம், ரெண்டு தரம்னு, இழுப்புகூட மாறாம. அக்கா வெலவெலத்துப் போய் ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருக்கா. மேகலா நிக்கிறாளாம். என் பொண்டாட்டி. சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு, ஒத்தை விரலைத் தூக்கிக்கிட்டு. எதுக்க ஸ்டூல்ல பய. அரிசி டின்னுல போன், அதுல அந்தம்மா. ஒவ்வொரு தடவை கத்தி முடிச்சதும் இவ தரையில உக்காந்து அழுவுறாளாம். இவன் போய் அவ முதுகைத் தட்டி, "இன்னொரு தடவை கத்தும்மா"ங்கறானாம்.

அவ அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லண்ணே. கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்டதில்ல. என் வார்த்தை ஒண்ணுவிடாம எப்படி வச்சிருந்தா? அதைவிட, கோர்ட்டுல விரலைத் தூக்கப்போற விஷயம். அதை நான் வக்கீல்கிட்ட மட்டும்தான் சொன்னேன். மூடின ரூம்ல சொன்னேன். இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? உங்ககிட்ட பேசிக்கிட்டே உள்ளுக்குள்ள அதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். நான் அப்படித்தான் செய்வேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ்வளவுதான்.

அக்காகிட்ட, "மூணாந்தரம் சொன்னாளா?"ன்னு கேட்டேன். சொன்னாளாம். "பய என்ன பண்ணான்?"னேன். "என்ன பண்ணான். கையை நீட்டி, நான் இன்னும் சொல்லி முடிக்கலன்னான். நடுவுல ரெண்டு இடத்துல தட்டுச்சு. ஆனா அவன் பாட்டுக்கு முடிச்சுட்டான்டா"ங்கறா. அக்கா போன்லயே மூக்கை உறிஞ்சுறா. என்னை எடுத்து வளத்தவ.

மார்க்கெட்டுல மூணு தரம் சொல்லிட்டா முடிஞ்சுபோச்சுண்ணே. அதுக்கப்புறம் எவனும் வாய் திறக்க முடியாது. இத்தனை வருஷத்துல ஒருத்தன் திறந்து நான் பாத்ததில்ல.

பயமா இருக்கு. ஜெயிலை நினைச்சு இல்ல. எதுன்னு சொல்லத் தெரியல.

வக்கீலுக்கு ஒரு போன் போட்டு, சார் அந்த விரலை மட்டும் தூக்காதீங்கன்னு சொல்லிடலாமான்னு நாலு தடவை போனை எடுத்துட்டு வச்சுட்டேன். சொல்லப் போறதில்ல. தூக்கட்டும். தூக்கினாத்தானே அவன் அதைச் சொல்லுவான். என்கிட்ட சொல்ல வந்து, நான் முடிக்க விடாதது. வக்கீல்கிட்டதான் சொல்லுவான், பரவாயில்ல, விரல் என்னுதுதானே. நான் அந்தப் பக்கம் உக்காந்து ஒரு தடவை கேட்டுக்கறேன்.

ஸ்டாண்டு வந்துருச்சு. நீங்க முதல்ல இறங்குங்கண்ணே. எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.